குரல் நடுவில் நிற்பதற்கு

பட்டிப்பொல

அன்புள்ள நல்லமுத்து,

வலப்பக்க ஸ்பீக்கர் பெட்டியை ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதை அங்கிருந்து நகர்த்துங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் விட்டுவந்த ஸ்டீரியோவில் பாடும் பெண்ணின் குரல், நான் சொன்னதுபோல நடுவில் நிற்காமல் வலப்பக்கமே சாய்கிறது, ஏன் என்பது ஒன்று. மற்றது கொழுந்து எடுக்கும் சண்முகவடிவின் பிள்ளையைப் பற்றியது. நான்கு மாதக் குழந்தை, பெயர் குப்பாயி. உங்களுக்கு முன் நான் தோட்டத்து டிஸ்பென்சராக இருந்த காலத்துச் சிவப்பு மருந்தைத் தாய் இன்னும் கொடுத்துவருகிறாள். கொடுத்தால் பிள்ளை பால்கூடக் குடிக்காமல் தூங்குகிறது. கொடுக்காவிட்டால் வியர்த்து, கைகால் உதறி அலறுகிறது. நாளுக்கு நாள் மெலிகிறது. போத்தலில் இன்னும் பத்து நாளைக்குத்தான் இருக்கிறது; அது முடிந்ததும் அதே மருந்தைக் கலந்து கொடுக்கச் சொல்லி அவள் உங்கள் வாசலில் வந்து உட்காருகிறாள். அதில் என்னதான் இருக்கிறது, நிறுத்தச் சொல்வதா, தொடரச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியின் கீழே மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

கேட்ட வரிசையில் பதில் சொல்வதுதான் என் பழக்கம். அதோடு, முதலாவது விளங்காமல் இரண்டாவது விளங்காது.

சாதாரண ரேடியோவில் பாட்டு ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. ஸ்டீரியோவில் பாடுகிறவளின் குரல் இரண்டு பெட்டிகளிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் புறப்படுகிறது. இரண்டு காதுக்கும் அது சரிசமமாக வந்து சேர்ந்தால், இது இடமிருந்தும் வரவில்லை, வலமிருந்தும் வரவில்லை, நேர் நடுவிலிருந்து வருகிறது என்று மூளை தீர்மானித்துவிடுகிறது. நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான். ஆனால் கண்ணை மூடினால் அங்கே ஒரு பெண் நிற்கிறாள். அவள் எவ்வளவு உயரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். மூச்சு வாங்க வாயைத் திறப்பது தெரியும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

ஆகவே அளந்து வையுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் மேல்மட்டம் பார்க்க ஒரு நேரான கம்பு வைத்திருப்பார்கள் அல்லவா, அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் வைத்து அளந்தேன். ஒரு பெட்டிக்கும் மற்றப் பெட்டிக்கும் ஏழு அடி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்கு அதே ஏழு அடி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், உச்சியில் நீங்கள். பின்சுவரிலிருந்து பெட்டிகள் இரண்டடியாவது தள்ளி நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டினால் தாழ்ந்த ஓசைகள் பானைக்குள் பேசுவதுபோலக் குமுறும். மூலையில் வைத்தால் இரண்டு மடங்கு குமுறும். உயர்ந்த ஓசை வரும் சிறிய கூம்பு, உட்கார்ந்திருக்கும் உங்கள் காதின் உயரத்தில் இருக்கட்டும். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் சரியாக வரும். பிறகு இரண்டு பெட்டிகளையும் உங்களைப் பார்க்கும்படி கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்கள்.

இனிச் சுவர்கள். ஓசை நேரே வருவதோடு நிற்பதில்லை, பக்கச் சுவரில் பட்டும் வருகிறது. உங்கள் வலப்பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி, இடப்பக்கத்தில் துணிகள் தொங்கும் கொடி. கண்ணாடி திருப்பி அடிக்கிறது, துணி விழுங்குகிறது. குரல் கோணுவதற்கு இதுவே போதும். சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அதைச் சுவரோரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். தோட்டத்தில் வருஷா வருஷம் கொடுக்கும் அதே கருப்புக் கம்பளிதான். அதைவிட நல்ல பொருள் கொழும்பில்கூடக் கிடைக்காது. எனக்குக் கண்ணாடியை நகர்த்தித் தந்தவள் ராக்காயி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் குரல் நடுவில் வராமல் அறை முழுக்கக் கரைந்துபோனால், ஏதோ ஒரு பெட்டிக்குப் பின்னால் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. நுவரெலியாவில் ரேடியோ திருத்தும் ரிஸ்வியை வரவழைத்தேன். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, “ஒரு பாட்டுக் கேக்க ரெண்டு பொட்டியா ஐயா? ஊட்டுல ஒரு வாய் பேசுறதையே எனக்குக் கேட்டு முடிக்க ஏலாம ஈக்கி” என்றார். ஆனால் கம்பியை மாற்றிப் பூட்டியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய், இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

அந்த ஸ்டீரியோ என்னிடம் வந்தது அறுபதாம் ஆண்டு ஜனவரியில். பழைய துரை சீமைக்குப் போகும்போது, அவருடைய மனைவியின் காய்ச்சலைக் குணப்படுத்தியதற்காக, பதினாறு இசைத்தட்டுகளோடு கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் குடும்பம் இல்லை. முப்பது வருஷமாகக் காலையில் எழுந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் என் வாசலில் வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு உண்மையான காய்ச்சல், யாருக்கு இல்லை என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. ஒரு பெண் பாடும் தட்டு அதில் இருந்தது. என்ன மொழியென்று எனக்குத் தெரியாது. அவள் நடுவில் வந்து நின்ற அன்றுதான் யாரோ என்னைத் தேடி வந்தது போலிருந்தது.

எப்போது கேட்பது என்பதும் ஒரு கணக்கு. தோட்டத்துக்குக் கரண்ட் வருவது ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் சக்கரத்திலிருந்து. ஸ்டோரில், தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் மெசின்கள் ஓடும்போது சக்கரம் திணறும், தட்டு சுற்றும் வேகம் குறையும், பாட்டு கீழே இறங்கும். மெசினை நிறுத்தினால் பாட்டு மேலே ஏறும். இது நொண்டி நடப்பதுபோல இருக்கும். காலையில் தொடங்கிய உருட்டல் பகலோடு முடிந்துவிடும். அதன்பிறகு ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை மட்டும் கரண்ட் ஒரே சீராக வரும். ஆனி ஆடியில் தகரக் கூரைமேல் மழை அடிக்கும் நாட்களைக் கழித்தால், வருஷத்தில் எனக்குக் கிடைத்தவை அந்தப் பகல்கள்தான்.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அழுதன.

உங்கள் குவாட்டர்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இதற்குள் கவனித்திருப்பீர்கள். டிஸ்பென்சரி, டிஸ்பென்சர் வீடு, பிள்ளைக் காம்பரா, மூன்றும் ஒரே கூரையின் கீழே, தொழிலாளர் வரிசை வீடான லயம் கட்டுகிற முறையிலேயே கட்டப்பட்டவை. தடுப்புச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே இரண்டடி திறந்து கிடக்கிறது. தாய்மார் பகல் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து பால் கொடுத்து, பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி மலைக்குப் போய்விடுவார்கள். ஆயம்மா ராக்காயி ஒருத்தி, பிள்ளைகள் பதினைந்து பதினாறு. ஒன்று தொடங்கினால் எல்லாம் தொடங்கும்.

குழந்தைகளின் அழுகையை நான் வெறுத்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு எந்தப் பிள்ளைமேலும் கோபம் இல்லை. அழுகை இருக்கும் இடந்தான் பிரச்சினை. கைக்குழந்தையின் அழுகை, பெண்குரல் நிற்கும் அதே உயரத்தில் நிற்கிறது. முன்னால் இரண்டு பெட்டிகளும் சரிசமமாக வந்து ஓர் ஆளை நிறுத்தும்போது, பின்னாலிருந்து மூன்றாவதாக ஒன்று அதே உயரத்தில் வந்தால், நடுவில் நிற்பவள் உடைந்துபோகிறாள். அது சத்தத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. மிகச் சிறிய முனகல்கூடப் போதும்.

நான் முறையான வழிகளையெல்லாம் செய்து பார்த்தேன். சுவரோரம் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, அவற்றில் ஸ்டோர்க் கழிவுத் தூளை நிரப்பினேன். அதன்மேல் கம்பளி. சுவர் வழியாக வந்தது நின்றது, ஆனால் கூரைவழி வந்தது நிற்கவில்லை. ஓசை தண்ணீரைப் போன்றது, ஒரு விரல் இடைவெளி போதும். மேலே பலகை அடித்துத் தரும்படி புதுத் துரைக்கு எழுதினேன். பதில் இல்லை. பிள்ளைக் காம்பராவை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று இன்னொரு முறை எழுதினேன். நேரில் பார்த்தபோது, வேறு வேலை இருக்கிறது என்றார். இரண்டு கடிதங்களின் நகலும் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும், பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் மருந்து.

அது அபின். வயிற்றுப்போக்குக்கு நாம் வைத்திருக்கும் கலவைதான். சீனிப்பாகும் சிவப்புச் சாயமும் சேர்த்து, வாசத்துக்குக் கொஞ்சம் கிராம்பு போட்டேன். அதற்குச் சத்து மருந்து என்று பெயர் வைத்தேன். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, நம் வழக்கப்படி, பல்பல்லாக வெட்டிய காகிதக் கீற்றைப் போத்தலில் ஒட்டி ராக்காயியிடம் கொடுத்தேன். பகல் பால் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பக்கம் அமைதி. ராக்காயி என்னைக் கண்டால் கும்பிட்டாள். “ஐயா குடுத்த செவப்புத் தண்ணி அமிர்தம்ங்க. காம்பரா கோயிலு மாதிரி கெடக்குது” என்றாள். பால் கொடுக்க வந்த பெண்கள் அவளைச் சீண்டினார்கள். “ஏன் ஆயா, இப்பல்லாம் ஒனக்குச் சம்பளம் குடுக்கிறது தூங்கிறதுக்கா?” என்று ஒருத்தி கேட்க, “நீ மலைக்குப் போயி வாயாடு, இங்க புள்ளைக எந்திரிச்சிரும்” என்று இவள் விரட்டினாள். எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு தாய்கூட என்னிடம் முறையிட்டதில்லை. உலகத்தில் எந்த மருந்துக்கும் அப்படி ஒரு பெயர் கிடைத்திருக்காது.

பிள்ளைகள் சரியாகப் பால் குடிப்பதில்லை என்பதை நான் கவனித்தேன். எடை பார்ப்பவன் நான்தானே. சில பிள்ளைகள் இறந்தன. தோட்டத்தில் வருஷத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள் இறப்பது எப்போதும் உள்ளதுதான். அந்த ஐந்து வருஷத்தில் அது ஒன்பது, பத்து, பதினொன்று என்று இருந்தது. இறப்புக்குக் காரணம் எழுத வேண்டியவனும் நான்தான். இழுப்பு என்று எழுதினேன், சளி என்று எழுதினேன். சண்முகவடிவுக்கு அறுபதில் ஒரு பிள்ளை போனது, அறுபத்தொன்றில் இன்னொன்று. இரண்டும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிய பிள்ளைகள்.

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது அவள் நம் ஆட்கள் செய்வதைச் செய்தாள். அடுத்தடுத்துப் பிள்ளை இறந்தால், அடுத்ததற்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பார்கள். குறையுள்ள பிள்ளை என்று எமன் கழித்துவிட்டுப் போய்விடுவான் என்று நம்பிக்கை. பதினாறாம் நாள் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசியைக் கொதிநீரில் போட்டு நானே குத்தினேன், சீழ் பிடிக்கக் கூடாது என்று. வெள்ளி வளையம். அவள் புருஷன் அழகன் வாசலில் நின்று, “நல்லா அசிங்கமா இருக்கானாங்க ஐயா?” என்று கேட்டான். “அசிங்கமாக இருக்கிறான்” என்றேன். அவன் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூக்கனுக்கு உரத்த தொண்டை. மற்றப் பிள்ளைகள் தூங்கிய பிறகும் அவன் ஒருவன் விழித்திருந்து அழுவான். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்தது சண்முகவடிவு. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது, ஒருநாள் வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து ராக்காயியிடம் கொடுத்து அவள் சொன்னதை நான் இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“ஆயா, இவனுக்கு மட்டும் ஒரு பங்கு கூடப் போடு. ரெண்டைத் தொலைச்சவ நான். சத்து ஏறட்டும்.”

“ஐயா கீறுன அளவுதாண்டி.”

“ஐயாட்ட நான் சொல்லிக்கிறேன். ஒம் பேரனாட்டம் நெனச்சுக்க.”

ராக்காயி என்னிடம் வந்து கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மூக்கனின் அழுகை கேட்கவில்லை. ஆகவே எனக்குத் தெரியும். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னால், சத்து மருந்தை ஏன் கூடக் கொடுக்கக் கூடாது என்று அவள் கேட்பாள்.

அறுபத்து மூன்று பெப்ரவரி. மழையில்லாத, காற்றில்லாத நாட்கள். தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டிருந்தேன். பாடுகிறவள் அன்றுபோல ஒருநாளும் தெளிவாக நின்றதில்லை. அப்போது கதவு தட்டும் சத்தம். பெட்டிகள் சரியாக வைக்கப்பட்டிருந்தால் மற்ற ஓசைகளின் இடமும் துல்லியமாகத் தெரியும். தட்டியது எனக்குப் பின்னால், வலப்பக்கம் சற்றுத் தள்ளி, கதவின் கீழ்ப்பாதியில். நிற்க முடியாத ஒருத்தி உட்கார்ந்தபடி தட்டுகிறாள் என்று தெரிந்தது.

“ஐயா. மூக்கன் மூச்சு விடமாட்டேங்குறான்ங்க. ஒதடு நீலமாப் போச்சுங்க ஐயா.” ராக்காயியின் குரல்.

கதவுக்கும் நான் கம்பளி கட்டியிருந்தேன். கேட்கவில்லை என்று பிறகு அவளிடம் சொன்னேன். கேட்டது. தட்டில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. பாதியில் ஊசியைத் தூக்கினால் கீறல் விழலாம், விழுந்தால் அந்தத் தட்டை இந்த நாட்டில் வாங்க முடியாது. இது நான் அன்றைக்கு யோசித்த காரணம். இன்னொன்றும் யோசித்தேன். பிள்ளைகள் ஏழு நிமிடம் தாங்கும் என்று. தட்டில் பாடுகிறவள் பாடி முடித்து, ஊசி தட்டின் நடுவில் போய்ச் சுற்றத் தொடங்கிய பிறகு எழுந்து கதவைத் திறந்தேன்.

பிள்ளையின் உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது. நான் வாயோடு வாய் வைத்து ஊதினேன். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தேன், ராக்காயி சாட்சி. சண்முகவடிவு மலையிலிருந்து கூடையை இறக்காமலே ஓடிவந்தாள். கூடையிலிருந்து கொழுந்து காம்பரா முழுக்கக் கொட்டியது. அவள் அழவில்லை. மூக்கு வளையத்தைத் தொட்டுப் பார்த்து, “கழண்டிருக்கா, இல்லையே” என்றாள். வளையம் சரியாக இருக்கும்போது எப்படிப் போனான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

இழுப்பு என்று எழுதினேன்.

அன்று மாலை ராக்காயி என் காலில் வந்து விழுந்தாள். “ஒரு பங்கு கூடக் குடுத்துட்டேங்க ஐயா. நாந்தான் கொன்னுட்டேன்.” நான் அவளை எழுப்பி உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்தேன். “எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றேன். இதைவிட இரக்கமாக வேறு யாரும் நடந்திருக்க மாட்டார்கள். துரையிடம் போயிருந்தால் அவள் பெயரை வேலையிலிருந்து வெட்டியிருப்பார், போலீஸும் வந்திருக்கும். இன்றுவரை அவள் எனக்கு நன்றியோடிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பட்டிப்பொலப் பக்கம் வரும் ஆளிடம் பேரிக்காய் கொடுத்தனுப்புகிறாள்.

சண்முகவடிவு கேட்டபோது, கூடக் கொடுக்கவேயில்லை, மறந்துவிட்டேன் என்று ராக்காயி சொல்லியிருக்கிறாள். பயத்தில் சொன்ன பொய். இதுதான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். பிள்ளை செத்தது மருந்து போதாமல்தான் என்று சண்முகவடிவு நம்பினாள். நீங்கள் பார்ப்பது அந்த நம்பிக்கையை.

போன நவம்பரில் நாலாவது பிள்ளை. இம்முறை மூக்குக் குத்தவில்லை. குப்பைமேட்டில் போட்டு, வேறொருத்தி எடுத்துக் கொடுக்க வாங்கி, குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். டிசம்பரில் நான் ஓய்வுபெற்றுப் புறப்பட்ட அன்று, பெட்டி படுக்கையை லொறியில் ஏற்றும்போது அவள் பிள்ளையோடு வந்தாள்.

“ஐயா போனதுக்கப்புறம் புது ஐயா இந்த மருந்து குடுப்பாரோ என்னமோ. எங்கையில ஒரு போத்தல் குடுத்துட்டுப் போங்க. இந்த வாட்டி நானே ஊத்துறேன், யாரையும் நம்பமாட்டேன். கொஞ்சம் கெட்டியாக் கலந்து குடுங்க ஐயா.”

லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். ஐந்து வருஷம் நான் கொடுத்துவந்த ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய போத்தலில் நிரப்பி, காகிதக் கீற்று ஒட்டி, அவள் கேட்டபடியே கெட்டியாகக் கலந்து கொடுத்தேன். அப்போது ஸ்டீரியோ உங்களுடையதாகிவிட்டது, கேட்பதற்கு எனக்கு அந்தப் பகல்களும் இல்லை. ஆகவே என் லாபத்துக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் இதுதான். திடீரென்று நிறுத்தக் கூடாது, தொடரவும் கூடாது. பிள்ளையை அன்றைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அபின் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் படிப்படியாகக் குறைத்துக் காப்பாற்றுவார்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்த அந்த நிமிடமே எனக்கு இது தெரிந்தது. இங்கே ஸ்டேஷனில் தந்தி அடிக்கலாம், நாலு வார்த்தை போதும். ஸ்டேஷன் மாஸ்டர் தெரிந்தவர்தான். ஆனால் நாலு வார்த்தையைத் தனியாகப் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள். சக்கரம், கூரை, துரைக்கு எழுதிய கடிதங்கள், இவையெல்லாம் தெரியாமல் யாருக்கும் இது விளங்காது. எதையும் முழுசாக விளக்கித்தான் எனக்குப் பழக்கம்.

இத்துடன் அறையின் படத்தை வைத்திருக்கிறேன். பெட்டிகள், நாற்காலி, கம்பளி தொங்கவேண்டிய இடங்கள், எல்லாவற்றுக்கும் அளவு குறித்திருக்கிறேன். முதலில் வரைந்ததில் ஜன்னல் அரை அடி தள்ளிப்போயிருந்தது, கிழித்துவிட்டேன். இரண்டாவதில் மை ஊறிவிட்டது. மூன்றாவதற்கு நல்ல தாள் நானுஓயாவிலிருந்து வரவேண்டியிருந்தது. உங்கள் கடிதம் கிடைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது, தாமதத்தை மன்னிக்க வேண்டும். ஆனால் படத்தைப் பாருங்கள், ஓர் அங்குலம்கூடத் தவறில்லை.

இப்படிக்கு,
செல்லசாமி